உறையில் ஒரு பெயர், உள்ளே ஒரு பெயர்

சொந்த டொமைன் பெயரில் மின்னஞ்சல் நடத்தும் சிறு நிறுவனத்தார், பள்ளி நிர்வாகத்தார், சங்கப் பொறுப்பாளர்கள் அனைவருக்கும் ஒரு திறந்த மடல்

மின்னஞ்சலில் அனுப்புநர் பெயர் என்பது அனுப்புகிறவர் தாமே எழுதிக்கொள்வது. இன்றைய அஞ்சல் போக்குவரத்துக்கு அடித்தளமான எஸ்எம்டிபி விதிமுறையை ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் வெளியிட்டார். அப்போதைய கணினி வலையில் இருந்தவை பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் ராணுவம் சார்ந்த அலுவலகங்களும்தான். தெரிந்தவர்களுக்குள் அடையாளம் கேட்கும் வழக்கம் விதியில் ஏறவில்லை. ஒரு சர்வர் இன்னொரு சர்வரிடம் போய் ‘இந்த மடல் இன்னாரிடமிருந்து’ என்று சொன்னால் அந்தச் சொல் அப்படியே எடுத்துக்கொள்ளப்படும். ஆள்மாறாட்டத்துக்கு இதற்கு மேல் வசதி வேண்டியதில்லை.

அந்தப் பெயரும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. தபாலில் உறையின் மேல் ஓர் அனுப்புநர் முகவரி இருக்கும். உள்ளே மடித்து வைத்த தாளின் தலைப்பில் வேறு பெயர் அச்சாகியிருக்கலாம். மின்னஞ்சலிலும் அதே ஏற்பாடு. சர்வர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது உறை முகவரி. மடல் சேராமல் போனால் திரும்பி வர வேண்டிய இடம் அது. திரையில் ‘ஃப்ரம்’ என்று தெரிவது உள்ளே இருக்கும் பெயர். படிக்கிறவர் உறையைப் பார்ப்பதே இல்லை. இரண்டும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும் என்று எஸ்எம்டிபி கேட்பதும் இல்லை. போலி மடல் நுழைகிற சந்து இதுதான்.

இந்தச் சந்தை அடைப்பதற்கு மூன்று பதிவுகள் உண்டு: எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க். முதலாவது உறையைச் சரிபார்க்கிறது. இரண்டாவது மடலின் மேல் முத்திரை இடுகிறது. திரையில் தெரியும் பெயரோடு அவற்றைப் பொருத்திப் பார்ப்பது மூன்றாவது மட்டுமே. முதல் இரண்டை மட்டும் வைத்துவிட்டு நிறுத்தினாலும், மூன்றாவதை அதன் தொடக்க நிலையிலேயே விட்டுவைத்தாலும், பெயர் இன்னும் பொதுச்சொத்தாகவே இருக்கிறது.

மூன்றும் வாழும் இடம் டிஎன்எஸ். ஒரு டொமைனின் இணையதளம் எந்த சர்வரில், அதன் அஞ்சலை எந்த சர்வர் வாங்கும் என்பதையெல்லாம் உலகத்துக்குச் சொல்லும் அறிவிப்புப் பலகை அது. எவரும் படிக்கலாம், எழுத முடிந்தவர் டொமைன் வைத்திருப்பவர் ஒருவரே. ‘என் பெயரில் அஞ்சல் அனுப்ப இவர்களுக்குத்தான் அனுமதி’ என்ற அறிவிப்பை அங்கே அவர் எழுதாதவரை, உலகத்தில் எந்த அஞ்சல் நிறுவனத்தாலும் அவருக்காக அதை ஊகிக்க முடியாது.

ஒரு நூல் மொத்த வியாபார நிறுவனத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம். ஊழியர்களின் அஞ்சல் கூகுள் ஒர்க்ஸ்பேஸில். பில் போவது ஓர் அக்கவுண்டிங் சேவையிலிருந்து. மாதாந்தர விலைப்பட்டியல் ஒரு மொத்த அஞ்சல் சேவையிலிருந்து. இணையதளத்தின் ‘தொடர்புக்கு’ படிவம் ஹோஸ்டிங் சர்வரிலிருந்து. நான்கு வாசல்கள், எல்லாவற்றிலும் ஒரே பெயர். ஐந்தாவதாக ஒருவன் வந்து அதே பெயரில், ‘வங்கிக் கணக்கு மாறியிருக்கிறது, இனிப் பாக்கியைக் கீழ்க்கண்ட கணக்கில் செலுத்தவும்’ என்று வாடிக்கையாளருக்கு எழுதினால், பெறும் சர்வருக்கு வித்தியாசம் தெரிய வழி இல்லை. அமெரிக்காவின் எஃப்பிஐக்கு 2023இல் வந்த புகார்களில், வணிக மின்னஞ்சல் மோசடியில் பறிபோனதாகச் சொல்லப்பட்ட தொகை சுமார் 290 கோடி டாலர். அதில் கணக்குக்குள்ளேயே புகுந்து செய்தவையும் உண்டு. பெயரை மட்டும் போட்டுக்கொண்டு வருகிற வகையைத்தான் இந்த மூன்று பதிவுகளும் தடுக்கும்.

எஸ்பிஎஃப் 2003இல் மெங் வெங் வோங் முன்னெடுத்த முயற்சியிலிருந்து வளர்ந்தது. இணைய விதிமுறை ஆவணங்களின் வரிசையில் 2006இல் ஆர்எஃப்சி 4408 ஆகவும், 2014இல் திருத்தப்பட்டு ஆர்எஃப்சி 7208 ஆகவும் வெளிவந்தது. இது டிஎன்எஸ்ஸில் ஒரு டெக்ஸ்ட் பதிவு. உறையில் இந்த டொமைனின் பெயரைப் போட்டு அனுப்பும் உரிமை பெற்ற சர்வர்களின் பட்டியல். நூல் நிறுவனத்தின் பதிவைத் தமிழ் எழுத்தில் எழுதினால் இப்படி இருக்கும் (டிஎன்எஸ்ஸில் ஆங்கில எழுத்திலேயே இட வேண்டும்):

வி=எஸ்பிஎஃப்1 இன்க்ளூட்:கூகுளின்-எஸ்பிஎஃப்-முகவரி ஐபி4:ஹோஸ்டிங்-சர்வரின்-எண் ~ஆல்

முதல் சொல் இது எஸ்பிஎஃப் பதிவு என்று அறிவிக்கிறது. ‘இன்க்ளூட்’ என்பது ‘கூகுள் வைத்திருக்கும் பட்டியலையும் என் பட்டியலாகக் கொள்க’ என்று பொருள்படும். ‘ஐபி4’ ஒரு சர்வரின் எண்ணை நேரடியாகக் குறிக்கிறது. கடைசியில் வரும் ‘ஆல்’ பட்டியலில் இல்லாத மற்ற எல்லாரையும் குறிக்கும். அதன் முன்னால் உள்ள ஒற்றைக் குறிதான் தீர்ப்பு. ‘-’ இருந்தால் மற்றவர்கள் செல்லாதவர்கள். ‘~’ இருந்தால் சந்தேகத்துக்குரியவர்கள். ‘?’ எதுவும் சொல்லாமல் விடுகிறது. ‘+’ போட்டால் ஊருக்கெல்லாம் அனுமதி. அதை எந்தக் காரணத்துக்காகவும் போடக்கூடாது. டிமார்க்கும் சேர்ந்து இருக்கும் டொமைனில் ‘~’ போதுமானது. ‘-’ கண்டவுடன், மடலின் முத்திரையைப் பார்க்காமலேயே வாசலில் திருப்பிவிடும் சர்வர்கள் இருப்பதே அதற்குக் காரணம்.

எஸ்பிஎஃப்பில் தவறு நேரும் இடங்கள் மூன்று. ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். புதிய சேவை வாங்கும்போதெல்லாம் அவர்கள் தரும் வரியைத் தனிப் பதிவாக ஒட்டி இரண்டு பதிவு ஆகிவிட்டால், பெறும் சர்வர் அதை நிரந்தரப் பிழையாகக் கொண்டு இரண்டையும் ஒதுக்கிவிடும். இரண்டாவது, சரிபார்ப்பின்போது கூடுதலாக டிஎன்எஸ்ஸைப் போய்க் கேட்க வைக்கும் உறுப்புகளுக்கு 10 என்ற உச்சவரம்பு உண்டு. ஓர் ‘இன்க்ளூட்’டுக்குள் இருக்கும் ‘இன்க்ளூட்’களும் கணக்கில் சேரும், தாண்டினால் அதுவும் பிழை. மூன்றாவது, தேவையில்லாதவர்களைச் சேர்ப்பது. எஸ்பிஎஃப் பார்ப்பது உறையை மட்டும். உறையில் தன் சொந்த டொமைனைப் போட்டு அனுப்பும் சேவையை இந்தப் பட்டியலில் சேர்ப்பதால் பயனில்லை. 10இல் சில இடங்கள் வீணாகும். மேலே உள்ள பதிவில் அக்கவுண்டிங் சேவையும் மொத்த அஞ்சல் சேவையும் இடம்பெறாதது இதனால்தான்.

எஸ்பிஎஃப்புக்கு உடன்பிறந்த குறை ஒன்றும் உண்டு. பெறுநர் தம் பழைய முகவரிக்கு வரும் அஞ்சலைப் புதிய முகவரிக்கு ஃபார்வர்டு செய்து வைத்திருந்தால், மடல் கடைசியாகப் போய்ச் சேர்வது இடையிலிருக்கும் சர்வரிலிருந்து. அது பட்டியலில் இராது. நல்ல மடலும் தேர்வில் தோற்றுவிடும். எந்த வழியாக வந்தாலும் அழியாத அடையாளம் ஒன்று தேவைப்பட்டது இப்படித்தான்.

அந்த அடையாளம் டிகிம். யாஹூவில் மார்க் டெலனி வடிவமைத்த டொமைன்கீஸும், சிஸ்கோவின் இதே போன்ற திட்டமும் ஒன்றிணைந்து 2007இல் ஆர்எஃப்சி 4871 ஆயின. 2011இன் ஆர்எஃப்சி 6376 இன்று நடப்பில் உள்ள வடிவம். முறை எளிது. இரண்டு சாவிகள் உருவாக்கப்படும். அந்தரங்கச் சாவி அனுப்பும் சர்வரிடம் இருக்கும். பொதுச்சாவி டிஎன்எஸ்ஸில் தொங்கும். அனுப்பும் சர்வர், மடலின் உடலையும் ‘ஃப்ரம்’ உள்ளிட்ட தலைப்பு வரிகளையும் கணக்கிட்டு அந்தரங்கச் சாவியால் கையொப்பமிடும். பெறும் சர்வர் பொதுச்சாவியை எடுத்து ஒப்பிடும். இடையில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கையொப்பம் உடையும். உடையாத அரக்கு முத்திரை எத்தனை தபால் நிலையம் தாண்டினாலும் செல்லும் என்பதுபோல, ஃபார்வர்டு ஆன மடலிலும் டிகிம் நிற்கும்.

ஒரு டொமைனுக்கு எத்தனை சாவிகளும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ‘செலக்டர்’ என்ற பெயர் உண்டு. செலக்டர், அதற்குப் பின் ‘_டொமைன்கீ’ என்ற சொல், அதற்குப் பின் டொமைன் என்ற வரிசையில் பதிவின் பெயர் அமையும். கூகுளுக்கு ஒன்று, அக்கவுண்டிங் சேவைக்கு ஒன்று, மொத்த அஞ்சலுக்கு ஒன்று என்று தனித்தனியே வைப்பதுதான் முறை. ஒரு சேவையை விட்டு விலகும்போது அதன் சாவியை மட்டும் எடுத்துவிடலாம்.

சாவியின் நீளம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சம்பவம் இருக்கிறது. 2011 டிசம்பரில் ஃபுளோரிடாவில் வாழ்ந்த கணிதவியலர் ஜக்கரி ஹாரிஸுக்குக் கூகுளின் ஆள்சேர்ப்புப் பிரிவிலிருந்து ஒரு மடல் வந்தது. அது உண்மையா என்று தலைப்பு வரிகளை ஆராய்ந்தவர், கூகுள் 512 பிட் டிகிம் சாவி வைத்திருப்பதைக் கண்டார். வேண்டுமென்றே வைத்த பரீட்சையாக இருக்கும் என்று எண்ணி, அந்தச் சாவியை உடைத்து, கூகுள் நிறுவனர்களில் ஒருவரான செர்ஜி பிரின் எழுதியதுபோல் மற்றவரான லாரி பேஜுக்கு ஒரு மடல் அனுப்பினார். பதில் வரவில்லை, இரண்டு நாளில் கூகுளின் சாவி 2048 பிட்டாக மாறியிருந்தது. அமேசானின் வாடகைக் கணினிகளில் 75 டாலர் செலவில், சுமார் 72 மணி நேரத்தில் 512 பிட் சாவியை உடைத்துவிடலாம் என்று அவர் பின்னர் சொன்னார். ‘வயர்டு’ இதழ் 2012 அக்டோபரில் இதை வெளிக்கொணர்ந்தது. 2018இன் ஆர்எஃப்சி 8301, 1024 பிட்டுக்குக் குறைந்த சாவியால் கையொப்பமிடக்கூடாது, 2048ஆவது இருப்பது நல்லது என்று வகுத்தது. 2048 பிட் சாவி நீளமானது. டெக்ஸ்ட் பதிவில் ஒரு துண்டுக்கு 255 எழுத்துதான் கொள்ளும். சில டிஎன்எஸ் நிர்வாகப் பக்கங்கள் தாமே பிரித்துக்கொள்ளும். மற்றவற்றில் இரண்டு மேற்கோள் துண்டுகளாக இட வேண்டும். ஒட்டும்போது கடைசியில் சில எழுத்துகள் விடுபட்டாலும் கையொப்பம் செல்லாது.

இவ்வளவும் செய்த பிறகும் சந்து திறந்தேதான் இருக்கிறது. மோசடிக்காரன் உறையில் தன் சொந்த டொமைனைப் போட்டு, அதற்கு ஒழுங்காக எஸ்பிஎஃப்பும் டிகிம்மும் வைத்து, உள்ளே ‘ஃப்ரம்’ வரியில் நூல் நிறுவனத்தின் பெயரை எழுதினால், இரண்டு தேர்விலும் அவன் தேறிவிடுவான். அவன் டொமைனுக்கு அவன் உரிமையாளன்தானே. யாருடைய பெயரில் தேறினான் என்று கேட்க ஒருவர் வேண்டும். டிமார்க் கேட்கும் கேள்வி அது.

கூகுள், மைக்ரோசாஃப்ட், யாஹூ, பேபால் முதலிய நிறுவனங்கள் சேர்ந்து 2012 ஜனவரியில் டிமார்க்கை அறிவித்தன. 2015இல் அது ஆர்எஃப்சி 7489 ஆனது. இதன் மையம் பொருத்தம். எஸ்பிஎஃப் தேறிய டொமைனோ, டிகிம் கையொப்பத்தின் டொமைனோ, இரண்டில் ஒன்றாவது ‘ஃப்ரம்’ வரியில் உள்ள டொமைனோடு பொருந்த வேண்டும். தளர்ந்த பொருத்தத்தில் கிளை டொமைனும் தாய் டொமைனும் ஒன்றாகக் கருதப்படும். கண்டிப்பான பொருத்தத்தில் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக வேண்டும். பெரும்பாலான சிறு அமைப்புகளுக்குத் தளர்ந்ததே போதும்.

பொருந்தாத மடலை என்ன செய்வது என்பதை டொமைன் வைத்திருப்பவரே அறிவிக்கிறார். ‘_டிமார்க்’ என்ற முன்னொட்டோடு டொமைனில் வைக்கும் டெக்ஸ்ட் பதிவு அது:

வி=டிமார்க்1; பி=நன்; ஆர்யூஏ=மெயில்டூ:ரிப்போர்ட்-வாங்கும்-முகவரி

‘பி’ என்பது கொள்கை. ‘நன்’ என்றால் எதுவும் செய்ய வேண்டாம், தகவல் மட்டும் தருக. ‘குவாரன்டைன்’ என்றால் சந்தேகத்தில் வைக்க, அதாவது ஸ்பேம் பெட்டியில் போடுக. ‘ரிஜெக்ட்’ என்றால் வாங்காமல் திருப்புக. ‘ஆர்யூஏ’ முகவரிக்கு, மடல்களைப் பெற்ற பெரிய நிறுவனங்கள் பொதுவாக நாளுக்கொரு முறை தொகுப்பு ரிப்போர்ட் அனுப்பும். அந்த முகவரி வேறொரு டொமைனில் இருந்தால், அந்த டொமைனிலும் ஒப்புதல் பதிவு ஒன்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரிப்போர்ட் வராது.

வேலையின் பெரும்பகுதி இந்த ரிப்போர்ட்டைப் படிப்பதுதான். அது சுருக்கிக் கட்டிய எக்ஸ்எம்எல் கோப்பாக வரும். அதைப் பட்டியலாக்கித் தரும் சேவைகள் பல உள்ளன. ஒவ்வொரு வரியிலும் அனுப்பிய ஐபி எண், மடல்களின் எண்ணிக்கை, எஸ்பிஎஃப் முடிவு, டிகிம் முடிவு, எந்த டொமைனுக்கு அந்த முடிவு என்பவை இருக்கும். நூல் நிறுவனத்தின் முதல் வார ரிப்போர்ட்டில் ஒரு வரி இப்படி வந்திருப்பதாகக் கொள்ளலாம்: 212 மடல்கள், எஸ்பிஎஃப் பாஸ், டிமார்க் ஃபெயில். பார்த்தவுடன் முரணாகத் தோன்றும். எஸ்பிஎஃப் பாஸ் ஆனது எந்த டொமைனுக்கு என்று பார்த்தால், அக்கவுண்டிங் சேவையின் சொந்த டொமைன். அவர்கள் உறையில் தங்கள் பெயரைப் போடுகிறார்கள், முத்திரையும் அவர்களுடையது. அந்த 212உம் நிறுவனத்தின் உண்மையான பில்கள். இந்த நிலையில் ‘ரிஜெக்ட்’ போட்டிருந்தால் வாடிக்கையாளர் ஒருவருக்கும் பில் போயிருக்காது. அக்கவுண்டிங் சேவையின் அமைப்புகளில் ‘சொந்த டொமைனில் கையொப்பம்’ என்ற பகுதியைத் திறந்து, அவர்கள் தரும் டிகிம் பதிவை டிஎன்எஸ்ஸில் சேர்த்தால் அடுத்த ரிப்போர்ட்டில் அந்த வரி நேராகிவிடும்.

படிவ மடலில் சிக்கல் வேறு. சில இணையதளப் படிவங்கள், நிரப்பியவரின் முகவரியையே ‘ஃப்ரம்’ வரியில் போட்டு நிறுவனத்துக்கு அனுப்புகின்றன. நிரப்பியவர் யாஹூ முகவரி வைத்திருந்தால், ஹோஸ்டிங் சர்வர் யாஹூவின் பெயரில் ஆள்மாறாட்டம் செய்வதாக ஆகிவிடும். அந்த விசாரணை வந்து சேராது. ‘ஃப்ரம்’ வரியில் நிறுவனத்தின் முகவரியும், ‘ரிப்ளை-டூ’ வரியில் நிரப்பியவரின் முகவரியும் இருப்பதே சரி.

ஆகவே படிகளின் வரிசை இது. முதலில், டொமைனின் பெயரில் எங்கிருந்தெல்லாம் மடல் போகிறது என்ற பட்டியல். பிரின்டர்-ஸ்கேனர், வருகைப்பதிவு மென்பொருள், பள்ளியின் கட்டண அறிவிப்பு வரை எதுவும் விடுபடக்கூடாது. அடுத்து ஒற்றை எஸ்பிஎஃப் பதிவு. பிறகு ஒவ்வொரு சேவைக்கும் டிகிம். பிறகு ‘நன்’ கொள்கையோடு டிமார்க். குறைந்தது ஒரு மாதம் ரிப்போர்ட்டைப் பார்த்தால்தான் மாதத்துக்கொரு முறை போகும் விலைப்பட்டியலும் கணக்கில் வரும். தெரிந்த வாசல்கள் எல்லாம் பொருந்திய பிறகு ‘குவாரன்டைன்’. சில வாரம் புகார் ஏதும் வராவிட்டால் ‘ரிஜெக்ட்’.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2014 ஏப்ரலில் யாஹூ தன் முகவரிகளுக்கு ‘ரிஜெக்ட்’ அறிவித்தது. அதே மாதம் ஏஓஎல்லும் பின்தொடர்ந்தது. குழு அஞ்சல்களில் எழுதிய யாஹூ உறுப்பினர்களின் மடல்கள் பிற உறுப்பினர்களிடம் போகாமல் திரும்பின. குழு சர்வர் தன் எண்ணிலிருந்து அனுப்புவதால் எஸ்பிஎஃப் பொருந்தவில்லை. பொருள் வரியில் குழுவின் பெயரும் அடியில் குறிப்பும் சேர்ப்பதால் டிகிம் உடைந்தது. பிறகு பல குழு மென்பொருள்கள் ‘ஃப்ரம்’ வரியில் குழுவின் முகவரியைப் போடத் தொடங்கின. இடைச் சர்வர் தான் கண்ட முடிவைச் சான்றளித்து அனுப்பும் ஆர்க் என்ற முறையும் 2019இல் ஆர்எஃப்சி 8617 ஆக வந்தது. குழு அஞ்சல் நடத்தும் சங்கங்கள் தங்கள் மென்பொருளில் இந்த இரண்டு வசதிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் ‘நன்’னிலேயே தங்கிவிடுவதும் பாதுகாப்பில்லை. 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோர் மூன்று பதிவுகளும் வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் விதித்தது. யாஹூவும் அதே காலத்தில் மொத்தமாக அனுப்புவோருக்கு இதே விதியை வைத்தது. குறைவாக அனுப்புவோருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் கட்டாயம். டிமார்க்கில் இந்த விதி கேட்பது ‘நன்’ மட்டுமே. அதே ஆண்டு மே மாதம், வடகொரியாவின் கிம்சுகி குழு இப்படி ‘நன்’னில் விட்டுவைத்த டொமைன்களின் பெயரில் ஆய்வாளர்களுக்கும் இதழாளர்களுக்கும் போலி மடல் அனுப்புவதாக எஃப்பிஐ, என்எஸ்ஏ, அமெரிக்க வெளியுறவுத் துறை மூன்றும் சேர்ந்து எச்சரித்தன. ‘எதுவும் செய்ய வேண்டாம்’ என்று உரிமையாளரே எழுதி வைத்திருந்தால் பெறும் சர்வரும் அதன்படி நடக்கும்.

அஞ்சல் அனுப்பாத டொமைன்களும் இதில் அடக்கம். வேறு பின்னொட்டில் பதிவு செய்து சும்மா வைத்திருக்கும் பெயருக்கு ‘வி=எஸ்பிஎஃப்1 -ஆல்’ என்ற பதிவும் ‘ரிஜெக்ட்’ டிமார்க்கும் வைத்தால் அந்தப் பெயரில் எதுவும் போகாது. கிளை டொமைன்களுக்குத் தாய் டொமைனின் டிமார்க் கொள்கையே செல்லும். தனியாகச் சொல்ல ‘எஸ்பி’ என்ற உறுப்பு உண்டு.

பழைய பதிவுகள் கதவில் மறந்துவிட்ட சாவி போன்றவை. 2024 பிப்ரவரியில் கார்டியோ லேப்ஸ் ஆய்வாளர்கள், 8,000க்கு மேற்பட்ட டொமைன்கள் இவ்வாறு கைப்பற்றப்பட்டு ஸ்பேம் அனுப்பப் பயன்பட்டதை வெளியிட்டனர். அவற்றில் ஒன்று எம்எஸ்என்னின் கிளை டொமைன். ஒரு பழைய பரிசுப்போட்டிக்காக அது வேறொரு டொமைனைச் சுட்டிக்கொண்டிருந்தது. போட்டி முடிந்து, அந்த டொமைன் காலாவதியாகி, சுட்டும் பதிவு மட்டும் சுமார் 20 ஆண்டு அப்படியே கிடந்தது. 2022இல் யாரோ அந்தப் பழைய பெயரைப் பதிவு செய்துகொண்டதும், எம்எஸ்என்னின் பெயரில் எஸ்பிஎஃப் தேறும் உரிமை அவர்கள் கைக்குப் போனது. விட்டுவிட்ட சேவையின் ‘இன்க்ளூட்’டையும் செலக்டரையும் சுட்டுப் பதிவையும் அன்றே நீக்குவது இதனால்தான் அவசியம்.

மூன்று பதிவும் ‘ரிஜெக்ட்’டில் நின்ற பிறகும் தடுக்க முடியாதவை சில உண்டு. ஓர் எழுத்தை மட்டும் மாற்றிப் பதிவு செய்த ஒத்த டொமைன், அதன் சொந்தப் பதிவுகளோடு எல்லாத் தேர்விலும் தேறும். முகவரியை விட்டு, காட்டும் பெயராக மட்டும் மேலாளரின் பெயரைப் போட்ட ஜிமெயில் மடலும் தேறும். பாஸ்வேர்டு பறிபோன உண்மையான கணக்கிலிருந்து வருவதும் தேறும். ஆகவே வங்கிக் கணக்கு மாற்றத்தைத் தெரிந்த தொலைபேசி எண்ணில் கேட்டு உறுதிசெய்யும் வழக்கமும், கணக்குகளுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பும் தொடர வேண்டும்.

எல்லாம் சரியாக அமைந்ததா என்று பார்க்க, ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஒரு ஜிமெயில் முகவரிக்குச் சோதனை மடல் அனுப்பி, அதை ‘ஷோ ஒரிஜினல்’ என்ற தெரிவில் திறக்கலாம். மேலே எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று வரிகள் தெரியும். டிமார்க் வரியில் ‘பாஸ்’ என்றும், டிகிம் வரியில் சொந்த டொமைனின் பெயரும் இருந்தால் அந்த வாசல் சரி. புதிய சேவை ஒன்றைச் சேர்க்கும்போதும், பழையதை விடும்போதும் இதே சோதனையை மீண்டும் செய்ய வேண்டும்.